மீட்டரை ஏற்றச் சொன்ன ஏழுமலை

புது வண்டி வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லி பிரியா போன வாரம் போன் செய்தாள். திண்டிவனம் பைபாஸில் இருக்கிற கார் சர்வீஸ் நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். "புது வண்டியை எப்பிடிப் பாத்துக்கணும்னு எழுதுங்கக்கா. கார்டு அடிச்சு டெலிவரி அன்னிக்கே கையில குடுத்துடலாம்" என்றாள். அதோடு விட்டிருந்தால் விஷயம் நாலு வரியில் முடிந்திருக்கும். "இப்ப வர்ற வண்டியில எல்லாமே போன்ல தெரிஞ்சுடுதுக்கா. எங்க போச்சு, எங்க நின்னுச்சு, எவ்ளோ வேகம், எல்லாம். கஸ்டமர்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டாள்.

கேட்க ஒன்றுமே இல்லையா? எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற்று இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நான் பார்த்த வேலையே உலகத்துக்கு வேண்டாததாகிவிட்டதா என்று கோபம் வந்தது. வேலைக்காலம் முழுக்க நான் செய்ததே கேட்பதுதான். ஸ்பேனர் பிடித்ததில்லை, இஞ்சினைக் கழற்றியதில்லை. கேட்டேன், கேட்டதை மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் சொன்னதைத் திரும்ப வண்டிக்காரரிடம் சொன்னேன்.

நாலு வரியை முதலில் எழுதிவிடுகிறேன். சீட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறையை அன்றைக்கே கிழித்துப் போடுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினதும் கண்ணாடியை இறக்கி அனலை வெளியே விடுங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் இஞ்சினை விரட்டாதீர்கள். இலவச சர்வீஸுக்குத் தவறாமல் வாருங்கள். அவ்வளவுதான் பிரியா, உன் கார்டு முடிந்தது. இனிமேல் வருவது உனக்கு.

நான் முதலில் சேர்ந்தது விழுப்புரம் ஷோரூமில், போன் பேசும் வேலைக்கு. தினமும் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் போய் வருவேன். புதிதாக வண்டி வாங்கினவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முதல் இலவச சர்வீஸுக்கு வரச் சொல்ல வேண்டும். யாரும் நம்ப மாட்டார்கள். இலவசம் என்றால் ஏதோ சூது இருக்கிறது என்று நினைப்பார்கள். ஒருவர், "வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே, நீ இன்னாத்துக்கு ஜோசியம் சொல்லிக்கினு இருக்கிற?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். இப்படிப் பேச்சு வாங்கி வாங்கியே வாய் பழகியது. பிறகு சர்வீஸ் அட்வைசர் என்று பெயர் மாற்றி கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். அப்புறம் திண்டிவனத்தில் கிளை திறந்தபோது, வீட்டுக்குப் பக்கம் என்று நான் கெஞ்சிக் கூத்தாடி அங்கே மாற்றிக்கொண்டேன். எத்தனையோ பேருக்குப் புது வண்டிச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒரு ஸ்கூட்டிதான். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு மேலே இருந்தவர் சேகரன் சார், சர்வீஸ் மேனேஜர். விழுப்புரத்துக்காரர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். "மல்லிகா மேடம், கொஞ்சம் வர முடியுங்களா?" என்று அவர் கேட்டால் நான் ஏதோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். புது வண்டியின் பக்கத்தில் போகிறவர்கள் மோதிரம், கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். பெல்ட் பக்கிள் பட்டால் பெயிண்டில் கோடு விழுமாம். பெல்ட் இல்லாமல் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு வேலை செய்த மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். நான் வளையலைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போவேன்.

வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். வண்டிக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நேற்று வண்டி எங்கே போனது? ராத்திரி எங்கே தூங்கியது? இந்த இரண்டுக்கும் பதில் வாங்காமல் நான் போய் நின்றால், "கேட்டுட்டு வாங்க மேடம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வண்டி தூங்குமா என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்ன பதிலில்தான் பாதி ரிப்பேர் இருக்கும்.

எங்கள் பக்கத்து மக்கள் புது வண்டியின் மேல் வைக்கிற பிரியம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆசை அறுபது நாள் என்பார்கள், அந்த அறுபது நாளைக்குள் வண்டி படாத பாடு பட்டுவிடும். வானூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் வெள்ளைக் கார் வாங்கினார். அவர் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் பானெட்டில் மஞ்சள் குழைத்துப் பூசிப் பொட்டு வைப்பார். மறுநாள் பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டுத் தேய்ப்பார். சர்வீஸுக்கு வந்தபோது வெள்ளைக் காருக்கு நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம், சுற்றிலும் பளபளப்புப் போன தடம். அந்த அம்மா அழாத குறையாக, "சாமிக்குன்னு வெச்சது சார், இத அழிச்சா தப்பாய்டுமா?" என்று கேட்டார். சார் யோசித்துவிட்டு, "தப்பில்லம்மா. இனிமே பொட்ட முன்கண்ணாடி ஓரத்துல வைங்க. சாமிக்கு அங்கேர்ந்து ரோடு நல்லாத் தெரியும்" என்றார். அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போதும் அந்தக் கார் பைபாஸில் என்னைக் கடந்து போகும்போது கண்ணாடி ஓரத்தில் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்.

ஏழுமலை ஐயாவைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவருக்கு அப்போதே அறுபதைத் தாண்டிய வயது. ஆயுசில் பாதி அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். இப்போது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். ஒரே மகள் தேன்மொழி, குவைத்தில் நர்ஸ். அந்தப் பெண் அங்கிருந்தபடியே அப்பா பேரில் ஒரு சின்னக் காரை எடுத்துக் கொடுத்தாள். டெலிவரி அன்றைக்கு அவரும் மனைவி அஞ்சலையும் புது உடுப்பில் வந்தார்கள். மாலை போட்டு, பூசணி சுற்றி, எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து எல்லாம் ஆனது. சாவியை நீட்டினேன். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"உங்க டிரைவரே கொண்டாந்து வூட்டாண்ட உட்டுடட்டும்மா. நாங்க பஸ்ல வந்துடறோம்."

"ஏன் ஐயா, ஓட்டத் தெரியாதா?"

"டிராக்டர் ஓட்டினவன்மா நானு" என்றார், கொஞ்சம் ரோஷமாக. அவருடைய லைசென்ஸும் சரியாகத்தான் இருந்தது. புது வண்டியை ஹைவேயில் எடுக்கப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

முதல் சர்வீஸுக்கு அவர் வரவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான். "வண்டி நல்லா இருக்குதும்மா. தெனமும் ஓட்டிக்கினுதான் இருக்கிறேன். நேத்துகூட செஞ்சி வரைக்கும் போயாந்தேன். நேரம் கெடைச்சதும் கொண்டாறேன்." ஒரு தடவை பொம்மையார்பாளையம் போய்க் கடல் மீன் வாங்கி வந்ததாகச் சொன்னார். இன்னொரு தடவை மனைவியை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதாகச் சொன்னார். நானும் நம்பினேன். இவ்வளவு ஓட்டுகிறவர் ஆயில் மாற்ற வரவில்லையே என்றுதான் எனக்குக் கவலை.

கடைசியில் வண்டி வந்தது, இழுவை வண்டியின் முதுகில் ஏறி. ஸ்டார்ட் ஆகவில்லை. ஏழுமலை ஐயா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கவுன்ட்டரில் என் எதிரே வந்து சாவியை வைத்தார்.

"நேத்து வண்டி எங்க போச்சு ஐயா?"

"செஞ்சிக்கு" என்றார்.

"ராத்திரி எங்க தூங்குச்சு?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் முகம் தெளிந்தது. "நல்ல எடம்மா. நம்ம கொட்டாயி. மல்லாட்டை மூட்டைங்க அடுக்கியிருக்கிற எடத்துலயே உள்ள தள்ளி உட்டிருக்கிறேன். மேல தார்ப்பாய். வெயிலு, மழ, தூசு ஒண்ணும் படாது."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ரொம்பப் பத்திரமான இடம் எதுவென்றால் மல்லாட்டை மூட்டை இருக்கிற இடம்தான். நகையைக்கூட அங்கே ஒளித்து வைப்பார்கள். மனிதர்களிடமிருந்து பத்திரம், சரி. எலிக்கு அதுதானே கல்யாண மண்டபம்?

சேகரன் சார் வந்து மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றி மேசையில் வைத்தார். பானெட்டைத் தூக்கினதும் மெக்கானிக் ஒருவர் ஐயோ என்று பின்னால் குதித்தார். இஞ்சின் மூடியின் மேல் தொட்டில் கட்டினதுபோல் ஒரு கூடு. மல்லாட்டைத் தோல், சாக்கு நார், தார்ப்பாய்த் துணுக்கு. அதற்கு நடுவில் கண் திறக்காத சிவப்புக் குஞ்சுகள். பக்கத்தில் ஒயர்களையெல்லாம் எலி கரும்புபோல் கடித்துத் துப்பியிருந்தது. சார் கீழே உட்கார்ந்து முன் டயரை விரலால் தடவினார். புது டயரில் பூனை மீசைபோல் ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், நாலு நாள் ரோட்டில் ஓடினால் தேய்ந்து காணாமல் போய்விடும். இந்த வண்டியில் எல்லா முடியும் அப்படியே இருந்தது. சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. செஞ்சி, பொம்மையார்பாளையம், விழுப்புரம் ஆஸ்பத்திரி எதற்கும் இந்த வண்டி போகவே இல்லை.

ஏழுமலை ஐயா எங்கள் பார்வையைப் பார்த்துவிட்டார். "சாரு, தனியா ஒரு வார்த்த" என்று சாரை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"பொண்ணு அடுத்த வாரம் வருது சார். போயி நாலு வருசம் ஆவுது. ஏர்போர்ட்டுக்கு நீதான் ஓட்டிக்கினு வரணும், வேற ஆளு யாரும் வரக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. எங்கப்பா கார்ல போறாரு, எங்கப்பா கார்ல போறாருன்னு அங்க இருக்கிற நர்சுங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்குது. நானும் போன்ல அங்க போனேன் இங்க போனேன்னு உட்டுட்டேன். வண்டியில ஏறினா எத்தினி கிலோமீட்டர் ஓடியிருக்குதுன்னு மீட்டரப் பாக்கும். அத கொஞ்சம் ஏத்திக் குடுங்க சார். ஒரு அஞ்சாயிரம் ஏத்திடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். மீட்டரை இறக்கச் சொல்லி வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டியை விற்க வருகிறவர்கள் எல்லோரும் கூச்சமில்லாமல் கேட்பார்கள், சார் அவர்களை ரொம்ப மரியாதையாக வெளியே அனுப்புவார். ஏற்றச் சொல்லிக் கேட்டது இந்த ஒரு மனிதர்தான்.

சார் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "மீட்டரத் தொடக்கூடாதுங்க ஐயா, அது குத்தம். ஏத்தறதுக்கு ஒரே வழிதான் இருக்குது. ஓட்டறது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணுகிட்ட எந்தெந்த ஊருக்குப் போனதாச் சொன்னீங்களோ அங்கல்லாம் இப்ப போயிட்டு வந்துடுங்க. முன்னபின்ன ஆனா இன்னா, போனது போனதுதான?" என்றார்.

கடித்த ஒயர்க் கட்டை மொத்தமாக மாற்றுவதென்றால் சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும், அதற்குள் அந்தப் பெண் வந்து திரும்பியே போய்விடுவாள். சார் தானே உட்கார்ந்தார். ஒவ்வொரு நிற ஒயரையும் அதே நிறத்தோடு சேர்த்து, ஈயம் வைத்து, மேலே ரப்பர் குழாய் போட்டுச் சூடு காட்டி இறுக்கினார். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு தடித்துப்போகும் என்று ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிப் போட்டார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். கடைசியில் புகையிலையைத் துணியில் முடிந்து இஞ்சின் ஓரத்தில் கட்டிவிட்டு, "ராத்திரியில பானெட்டத் தொறந்தே வைங்க ஐயா. எலிக்கு இருட்டுதான் புடிக்கும்" என்றார். எலிக்குஞ்சுகளை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அட்டைப் பெட்டியோடு பின்பக்கத் தோப்புக்குப் போனதை மட்டும் பார்த்தேன்.

ரோடு டெஸ்ட்டுக்கு என்னைக் கூட அனுப்பினார். காலையில் ஏழுமலை ஐயா பஸ்ஸில் வந்து இறங்குவார், நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, கைதேர்ந்த ஓட்டுநர். கியர் மாறுவதே தெரியாது. லாரிக்கு வழிவிட்டு ஒதுங்குகிற அழகில் டிராக்டர்க்காரரின் பொறுமை இருந்தது. முதலில் செஞ்சி. கோட்டை தெரிகிற இடத்தில் டீ குடித்தோம். "இத நேத்து சொன்னனேம்மா, இன்னிக்கு மெய்யாயிடுச்சு" என்று சிரித்தார். அடுத்து விழுப்புரம் ஆஸ்பத்திரி. போன கையோடு தன் முழங்கால் வலிக்கும் மாத்திரை வாங்கி வந்தார். மறுநாள் வானூர் வழியாகப் பொம்மையார்பாளையம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் பேரம் பேசி சங்கரா மீன் வாங்கி, சீட்டில் தண்ணீர் படாமல் இருக்க அஞ்சலையம்மா கொடுத்தனுப்பிய வாளியில் வைத்தார். அவர் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக மெய்யாக்கிக்கொண்டு போனோம். என் வேலைக்காலத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

கடைசி நாள் வண்டியை அவர் வீட்டில் விடப் போனோம். ஹைவேயை விட்டு இறங்கி, ஏரிக்கரை தாண்டி, ஊர் ஆரம்பிக்கிற இடத்தில் அவர் பிரேக் பிடித்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"மேல நீங்க ஓட்டுங்கம்மா. நான் நடந்து வர்றேன்."

"இன்னா ஐயா, வீடு எங்க?"

"அந்தாண்ட. ஊர்த்தெருவத் தாண்டி, காலனில."

அவருடைய வீட்டுக்குப் போக அந்த ஒரு தெருதான் வழி. நான் புரியாமல் விழித்தேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"சின்ன வயசுல சைக்கிள் வாங்கினேன்மா. இந்த எடம் வந்தா எறங்கிடணும். தள்ளிக்கினே போயி தெரு முடிஞ்சதும் ஏறணும். அப்பறம் இந்தத் தெருக்காரங்க டிராக்டர் ஓட்டினேன். அதுல குந்திக்கினே போவலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஏன்னா அது அவங்க டிராக்டரு, நான் அவங்க ஆளு. இது என்னுதும்மா."

"இப்ப யாராவது எதாவது சொன்னாங்களா?"

"சேச்சே. அதெல்லாம் போன காலம். அவங்க வூட்டுப் புள்ளையே பூசைக்கு வந்து சர்க்கரப் பொங்கல் துன்னுட்டுப் போச்சு. ஏன் ஓட்டாம வெச்சிருக்கிறன்னு கேக்குது. யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. என் காலுதான் தானா கீழ எறங்கிடுது."

கோபம் வந்தது, யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இதற்குத்தான் டெலிவரி அன்று சாவியைத் திரும்பக் கொடுத்தாரா? இதற்குத்தான் மூட்டைக்கு நடுவில் தார்ப்பாய் போட்டு மூடினாரா? உட்காருங்கள், ஓட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பெற்ற மகளிடம் பொய் சொல்கிற அளவுக்கு ஒரு மனிதரைத் தடுக்கிற விஷயத்தை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக வந்த நான் அதட்டி முடிக்க முடியுமா? சர்வீஸ் நிலையத்தில் ஓட்டிப் பழகிய தைரியத்தில் மாறி உட்கார்ந்து ஓட்டினேன். அவர் நடைக்கு ஏற்ப மெதுவாகப் போனேன். தன் புதுக் காரின் பக்கத்தில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நடந்து வந்தார். ஒரு வீட்டு வாசலிலிருந்து, "இன்னா ஏழுமல, வண்டி ரெடியாச்சா?" என்று யாரோ சிநேகமாகத்தான் கேட்டார்கள். "ஆச்சு, ஆச்சு" என்று அவரும் சிரித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டி ரோடு மங்கலாகத் தெரிந்தது.

சாரிடம் வந்து சொன்னேன். "அந்த ஒயர நம்மால ஒட்ட முடியாதுங்க மேடம்" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் காட்டிய மரியாதையில் கோபம் இருந்தது, என் மேல் இல்லை.

தேன்மொழி வருகிற நாள் எனக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வண்டியை எடுத்தாரா, வேறு ஆளை அனுப்பிவிட்டாரா, மகள் வந்து இறங்கித் தேடினால் என்ன சொல்வார்? போன் செய்ய நாலு தடவை எடுத்து நாலு தடவையும் வைத்துவிட்டேன். எல்லோரையும் நச்சரித்துக் கேட்டவள், அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் துணியவில்லை. அதற்கப்புறமும் அவரிடமிருந்து தகவல் இல்லை.

நான் ஓய்வு பெறுகிற மாதம் வந்தது. ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "யம்மா, அடுத்த சர்வீஸுக்குக் கிலோமீட்டர் வந்துடுச்சு. எப்ப கொண்டாறது?"

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவருடைய வண்டிக்குத் தேதிக் கணக்குப்படி இன்னும் மாதங்கள் இருந்தன. கிலோமீட்டர் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

வந்தது பாருங்கள் வண்டி. அந்த மாதம் எங்கள் நிலையத்துக்கு வந்ததிலேயே அழுக்கு வண்டி அதுதான். கால் வைக்கிற இடமெல்லாம் கடற்கரை மணல், சீட்டு இடுக்கெல்லாம் மல்லாட்டைத் தோல், பின்கண்ணாடியில் ஏதோ குழந்தை ஒட்டின பொம்மை ஸ்டிக்கர். டயரில் ஒரு முடி இல்லை. அஞ்சலையம்மா முன் சீட்டிலிருந்து இறங்கினார். ஏழுமலை ஐயா ஓட்டுநர் பக்கத்திலிருந்து இறங்கினார்.

"நேத்து வண்டி எங்க போச்சு ஐயா?"

"பேஜாரு புடிச்ச கேள்விம்மா இது" என்று சிரித்தார். "எங்க போவல?"

பிறகுதான் அந்த நாளைச் சொன்னார். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பி, காலனியிலிருந்து ஊர்த்தெரு ஆரம்பிக்கிற இடம் வந்ததும் அவர் கால் பிரேக்குக்குப் போயிருக்கிறது. கை கதவுக்குப் போயிருக்கிறது. மீதியைச் சொன்னது அஞ்சலையம்மா. "நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீ எறங்கிட்டா யாரு ஓட்டறது, நானா? எனக்கு ஆடுதான் ஓட்டத் தெரியும். ஜல்தி போய்யா, பிளேன் எறங்கிடும், புள்ள தனியா நின்னுக்கினு இருக்கும்னேன். அவ்ளோதான்."

அவர் போனார். தெருவின் முனையில் இடதுபக்கம் திரும்பும்போது கொஞ்சம் சீக்கிரமே ஒடித்துவிட்டதில், அங்கே நட்டிருந்த மூலைக்கல்லில் வண்டியின் இடதுபக்கம் உரசிவிட்டது.

"ஏர்போர்ட்ல இன்னா ஆச்சு? மீட்டரப் பாத்துதா?"

"மொத வேலையா அதத்தான் பாத்துச்சு. இவ்ளோதான் ஓட்டினியாப்பான்னு கேட்டுச்சு. நெசத்தச் சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அது கியர்ல இருந்த என் கைய புடிச்சுக்கினுச்சு. அப்பறம் நாலு வருசக் கதைய ஆரம்பிச்சுச்சு. பேசிக்கினே வந்துட்டோம். வூட்டாண்ட வண்டிய நிறுத்தின பெறகுதான் எனக்கு நெனப்பு வருது, தெருவத் தாண்டிட்டேன்னு. எப்ப தாண்டினேன்னே தெரியல."

மகள் இருந்த ஒரு மாதமும் வண்டி நிற்கவில்லையாம். போன பிறகும் நிற்கவில்லை.

சேகரன் சார் வந்தார். கைகொடுத்தார், பிறகு வழக்கம்போல் வாட்ச்சைக் கழற்றிவிட்டு வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இடதுபக்கக் கதவில் முழம் நீளத்துக்குக் கோடு இருந்தது. புது வண்டியில் நகக்கீறல் பட்டாலே துடித்துப்போகிற மனிதர் அவர். "இத ஒரே நாள்ல காணாமப் பண்ணிடலாம்" என்று பெயிண்ட் பிரிவுக்குக் கை காட்டினார்.

ஏழுமலை ஐயா அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். "வேணாம் சார். டிரெய்லர் நெறைய மல்லாட்டை மூட்டையோட அந்த மூலையில எத்தினி தபா திரும்பியிருக்கிறேன், ஒரு தபா பட்டதில்ல. இது என் வண்டில பட்டது. வண்டியில வேற இன்னா வேணா பண்ணுங்க. அத மட்டும் தொடாதீங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன். தகரம் தெரிந்தது. அப்படியே விட்டால் மழைக்காலத்தில் துரு பிடிக்கும். பெயிண்ட் போட வேண்டாம், மேலே நிறமில்லாத வார்னிஷ் மட்டும் ஒரு பூச்சு பூசுங்கள் என்று சொன்னேன். துரு ஏறாது, கோடும் அழியாது.